எட்டுக் கண்ணுக்கும் பொட்டு

பக்கத்தில் எது வந்தாலும் கத்துகிற கருவியைக் காரில் பொருத்தலாம் என்று முதலில் யோசித்த ஆள், ஒரு சாயங்காலமாவது மதுரை காளவாசல் சிக்னலில் நின்றிருக்க மாட்டார். நின்றிருந்தால் அந்த யோசனையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். எங்கள் ஊரில் இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு முழம் இடம் கிடந்தால், தனக்காகத்தான் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு பைக் வந்து செருகிக்கொள்ளும். அந்தப் பைக்குக்குப் பின்னால் இன்னொன்று. இதற்கெல்லாம் ஒரு கார் கத்த ஆரம்பித்தால் அது என்றைக்கு நிறுத்தும்?

அந்தக் கத்தலுக்குள்தான் நான் வேலை கேட்டுப் போனேன்.

அதற்கு முன்னால் நான் ஆக்டிங் டிரைவர். யார் வீட்டு டிரைவராவது லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் போய் ஓட்டிவிட்டு வருகிற ஆள். பத்தாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீசும் சேர்ந்து என்னைத் தள்ளிவிட்ட பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலை வண்டி ஓட்டுவதுதான். ஊரில் உள்ள டிரைவர்களுக்கெல்லாம் காய்ச்சல் வரவேண்டும் என்று காலையில் எழுந்ததும் வேண்டிக்கொள்கிற பிழைப்பு. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரின் சீட்டில் உட்கார்ந்து, அதை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, எல்லாம் தோதாக வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். நான் வைத்த இடத்தில் மறுநாளும் அந்த சீட் இருக்கவேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அப்போதுதான் நாகமலை புதுக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிற ஒருவர் புதுக்கார் எடுத்திருக்கிறார், ஓட்டத் தெரியாது, நிரந்தரமாக ஒரு டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். காரை வாங்கிக் கொடுத்தது சிங்கப்பூரில் இருக்கிற அவருடைய மகன். முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று எட்டு சென்சார். பழைய நாலணா அளவில் வட்ட வட்டமாக பம்பரில் பதித்திருந்தார்கள்.

நான் போன அன்று முதலாளி வீட்டு வாசலில் காருக்கு முன்னால் ஒரு குடையை நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். உள்ளே சாவி போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம், "கத்துதா? இப்பக் கத்துதா?" என்று கேட்டுக்கொண்டே குடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுபோனார். கார் 'கீ... கீ... கீ' என்றது. பிறகு 'கீகீகீ' என்றது. கடைசியில் ஒரே மூச்சில் 'கீ—' என்று இழுத்தது. முதலாளி முகத்தில் முதல் பேரன் பேசிவிட்ட சந்தோஷம்.

"பாத்தியாடா தம்பி? இனிமே நீ முட்டணும்னு நெனச்சாலும் முட்ட முடியாது" என்றார் என்னிடம்.

"அப்ப எனக்கு என்ன வேலை மொதலாளி? அதையே ஓட்டச் சொல்லீருங்க."

"வாயி ஜாஸ்தியா இருக்கே" என்று காருக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டுவிட்டுக் கேலியும் செய்வேன். அவரும் விடமாட்டார்.

முதலாளி எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் சொன்னார். "அது கத்துனா நிறுத்து. கத்தலைன்னா போ. இதைத்தான் எம் மகனும் சொல்லியிருக்கான். அந்த ஆஃப் பண்ற பட்டன் பக்கமே கை போகக் கூடாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலையே காளவாசலில் அந்தச் சட்டம் கிழிந்தது. சிவப்பு விளக்கில் நின்றோம். இடதுபக்கம் ஒரு பைக் மூக்கை நுழைத்தது. வலதுபக்கம் ஒரு ஷேர் ஆட்டோ வந்து உரசாத குறையாக நின்றது. கார் கத்த ஆரம்பித்தது.

"நிறுத்துடா!" என்றார் பின்சீட்டிலிருந்து முதலாளி.

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் மொதலாளி."

"அப்பறம் ஏன் கத்துது?"

"பக்கத்துல பைக்கு வந்துருச்சு."

"அப்பக் கொஞ்சம் முன்னாடி போ."

"முன்னாடி போனா முன்னாடி இருக்கிற சென்சார் கத்தும்."

"பின்னாடி வா."

"பின்னாடி பஸ்ஸு நிக்குது. அது கத்தாது மொதலாளி, நேரா ஏறிரும்."

பைக்கில் இருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். "ஏண்ணே, என்னையப் பாத்தா ஒங்க வண்டி இப்பிடிக் கத்துது?" என்றார்.

"ஒங்களப் பாத்து இல்லண்ணே, ஒங்க மட்கார்டைப் பாத்து. அதுல கெடக்கிற சேத்தைக் கழுவிட்டு வாங்க, பேசாம இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். பின்னால் முதலாளி சிரிக்கவில்லை. அவருக்கு நான் அந்தக் கருவியை மதிக்கவில்லை என்று ஒரு சந்தேகம் அன்றைக்கே வந்துவிட்டது. அதன்பிறகு தினமும் இதே கூத்து. எனக்கு இரண்டு முதலாளி. ஒருவர் பின்சீட்டில், ஒருவர் பம்பரில். பம்பரில் இருப்பவர் கத்தினால் பின்சீட்டில் இருப்பவரும் சேர்ந்து கத்துவார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால், குக்கர் விசில் அடித்தாலும் என் வலது கால் தானாக பிரேக்கை மிதிக்கும்.

ஆனாலும் சீட் நான் வைத்த இடத்தில் இருந்தது. அதற்காகப் பொறுத்துக்கொண்டேன். வேலை மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. சாவியை ஒவ்வொரு நாளும் முதலாளி வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் அவரே சொன்னார். "வர்ற வெள்ளிக்கெழமை கல்லுப்பட்டிக்கு அங்கிட்டு நம்ம குலசாமி கோயில்ல பங்காளிக எல்லாம் பொங்கல் வைக்கிறோம். வண்டிக்கும் அங்கதான் பூசை. பங்காளிக பூராம் பாப்பாங்க. ஒரு கீறல் இல்லாமக் கொண்டு போயி, ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்துரு. அன்னைக்கே சாவி ஒங்கிட்ட. நீதான் நம்ம வீட்டு டிரைவர்."

"கீறல் விழுந்துட்டா?"

"வேற ஆளு பாப்பேன்" என்றார். அதில் விளையாட்டே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. வேகமாகப் போகும்போது அந்தக் கருவி வாய் திறக்காது. மெதுவாக ஊரும்போதுதான் அதற்கு உயிர் வரும். வேலையில் சேர்ந்த பிறகு முதல்முறையாக நான் பாட்டு ஒன்றை முணுமுணுத்தேன். முதலாளி முன்னால் குனிந்தார்.

"என்னடா, சத்தத்தையே காணோம்? கெட்டுப் போச்சா?"

"தூங்குது மொதலாளி. எழுப்பிராதீங்க."

"காலங்காத்தால ஒன் நக்கலை ஆரம்பிச்சுட்டியா" என்றார் அம்மா. மடியில் சந்தனக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சிந்திவிடக்கூடாது என்று இரண்டு தடவை என்னை மெதுவாகப் போகச் சொன்னார். மெதுவாகப் போனால் அது விழித்துவிடும் என்று நான் போகவில்லை.

டி. கல்லுப்பட்டி தாண்டி, கரிசல் காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதையில் இறங்கிப் போனால் கோயில். இரண்டு வேப்பமரம், மரத்தடியில் சாமி, சுற்றி வெட்டவெளி. நாங்கள் போவதற்குள் வேன், டிராக்டர், குட்டியானை என்று வண்டிகள் வந்து நிறைந்திருந்தன. நடுநடுவே கல்லை அடுக்கிப் பொங்கல் அடுப்புகள். நான் ஒரு டிராக்டருக்குப் பக்கத்தில் மூக்கை வேப்பமரத்துப் பக்கம் வைத்து நிறுத்தினேன். இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கீறல் இல்லை. பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா பானட்டில் பொட்டு வைத்து முடித்து, சக்கரங்களுக்கும் வைத்துவிட்டு, பம்பருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று விரலால் சந்தனத்தை வழித்து, ஒரு சென்சாரின் மேல் வட்டமாக அப்பினார். அதன் நடுவில் குங்குமம். அளவு கச்சிதமாக இருந்தது.

"அம்மா! அதுல வைக்காதீங்கம்மா!"

"ஏன்? இதுக்குன்னே வட்டம் வட்டமா வச்சுக் குடுத்துருக்கான் பாரு. கம்பெனிக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, நம்ம ஆளுக பொட்டு வைப்பாகன்னு."

"அது வண்டியோட கண்ணும்மா. கண்ணுல சந்தனத்தை அப்புனா எப்பிடிப் பாக்கும்?"

"கண்ணா? நேத்து வரைக்கும் வாயின்னு சொன்ன. கத்துது கத்துதுன்னு. இன்னைக்குக் கண்ணா?" என்றார். சுற்றி நின்ற பங்காளி வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "இவன் இப்பிடித்தான், எப்பப் பாரு எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பான்."

கேலி பேசியே பழகிய வாயால் ஒரு உண்மையைச் சொன்னால் அதற்கும் சிரிப்புத்தான் கிடைக்கிறது. நான் முதலாளியைத் தேடினேன். அவர் பங்காளிகளுக்கு நடுவில் நின்று மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவரை இழுத்து வருவதற்குள் எட்டுக் கண்ணுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. பின்னால் இருந்த கேமராவுக்கும் ஒன்று. கரிசல் காட்டு வெயிலில் சந்தனம் வறட்டி போலக் காய்ந்துகொண்டிருந்தது.

பூசை ஆரம்பித்தது. பூசாரி சூடம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். "எடுப்பா" என்றார் பூசாரி. நான் சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

'கீ————'

"நிறுத்து!" முதலாளி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "முன்னாடி என்னமோ இருக்கு!"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். எதுவும் இல்லை.

"ஆட்டுக்குட்டி கீட்டுக்குட்டி அடியில படுத்துருக்கா பாருங்கடா" என்றார் ஒரு பெரியவர்.

"எலுமிச்சம்பழத்துக்குக் கத்துதோ?"

"பழத்துக்கெல்லாமா கத்தும்? வண்டிக்கு அருள் வந்துருச்சு மாப்ள" என்றார் முதலாளியின் பெரியப்பா மகன் முறை உள்ள ஒருவர் தன் மச்சானிடம். "குறி கேட்டுப் பாரு, எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம்னு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. பங்காளிகள் பார்க்கவேண்டும் என்று கொண்டுவந்த வண்டி.

நான் இறங்கி அவர் காதருகில் சொன்னேன். "மொதலாளி, அம்மா பொட்டு வச்சது சென்சார் மேல. அது மறைக்கவும், ஒட்டி என்னமோ நிக்குதுன்னு நெனச்சுக் கத்துது. தொடச்சா நின்னுரும்."

இந்தத் தடவை அவர் நம்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பம்பரிடம் குனிந்தார்.

"என்ன செய்யப் போறீக?" அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"இல்ல, இந்தப் பொட்டைக் கொஞ்சம் அழிச்சுவிட்டா..."

"அழிக்கவா? கோயில் வாசல்ல, நான் வச்ச பொட்டை, ஒங்க கையால அழிக்கப் போறீகளா?"

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் ஓரடி பின்வாங்கியது. சுமங்கலி வைத்த பொட்டை அழித்தால் யாருக்கு ஆகாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும், ஏனென்றால் அந்த 'யாருக்கு' அவர்தான். குனிந்தவர் அப்படியே துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நீ அழி" என்றார்.

"அவன் கை வச்சான்னா கையை ஒடிச்சுப்புடுவேன்" என்றார் அம்மா.

எதனால் கத்துகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு ஈரத்துணி போதும். ஆனால் அந்த வெட்டவெளியில் அத்தனை பேர் இருந்தும் அதைத் தொட ஒருவரும் இல்லை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பூசாரி சூடம் அணைகிறது என்றார். கடைசியில் முதலாளியே, "அந்தப் பட்டனை அமுக்கித் தொலை" என்றார். மகனுடைய சட்டத்தை மீறிய துக்கம் குரலில் இருந்தது. முன்னால் உள்ளவை அடங்கின. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. எல்லாரும் குலவையிட்டார்கள்.

பொங்கல் சாப்பிட்டுக் கிளம்பும்போதுதான் அடுத்த சிக்கல். முன்னால் வேப்பமரம், அதனால் பின்னால்தான் எடுத்தாக வேண்டும். வலதுபக்கம் டிராக்டர், இடதுபக்கம் அணையாத அடுப்பு, பின்னால் யாரோ குறுக்கே நிறுத்தியிருந்த வேன். அந்தக் காரில் பட்டனை அமுக்கினால் முன்னால் இருப்பவை மட்டும்தான் அடங்கும். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் இருப்பவை கத்தியே தீரும். போட்டேன். கத்தின. திரையில் கேமரா எதையாவது காட்டும் என்று பார்த்தால், திரை முழுக்கக் குங்குமச் சிவப்பு.

உதவிக்கு ஊரே வந்தது.

"வா... வா... வா... ஒடி! ஒடி!"

"அங்கிட்டு ஒடிக்காத, இங்கிட்டு ஒடி!"

"லெஃப்ட்டுண்ணே! ஒங்க லெஃப்ட்டு இல்லண்ணே, என் லெஃப்ட்டு!"

'கீ————' என்ற சத்தத்துக்குள் எது யார் குரல் என்றே தெரியவில்லை. உண்மையாகவே ஏதாவது பக்கத்தில் வந்தாலும் அது இதே சத்தம்தான் போடும். ஒன்றும் இல்லாததற்கும் எல்லாம் இருப்பதற்கும் ஒரே கத்தல். என் வேலை, என் சீட், எல்லாம் அந்த டிராக்டரின் சக்கரத்துக்கும் என் கதவுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் செத்த சும்மா இருங்கய்யா! ஒரே ஒரு ஆளு சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"நான் சொல்றேன்" என்று முதலாளி பின்னால் போய் நின்றார். "அது கெடக்கு, நான் தட்டுறேன். தட்டுனா நிறுத்து."

லாரியில் கிளீனர் தட்டுவானே, அந்த மாதிரி. நான் பின்னால் வந்தேன். டமார், டமார் என்று டிக்கிக் கதவில் இரண்டு அடி விழுந்தது. நிறுத்தினேன். ஒடித்து முன்னால் போனேன், மறுபடி பின்னால் வந்தேன். இன்னொரு அடி. அப்புறம் வெளியே வந்துவிட்டது. டிராக்டரும் அடுப்பும் வேனும் இருந்த இடத்திலேயே இருந்தன. வண்டி மேல் ஒரு தூசி படவில்லை. முதலாளி உள்ளே ஏறி, "சபாஷ்டா" என்று என் தோளில் ஒரு அடி போட்டார். அதுவும் வலித்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி வர ஆரம்பித்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"டேய். இங்க வா."

டிக்கிக் கதவின் நடுவில், கண்ணாடிக்குக் கீழே மூன்று கீறல். பூனை பிறாண்டியது போல.

"எங்கடா இடிச்ச?"

"எங்கயும் இடிக்கல மொதலாளி."

"இடிக்காமலா கீறல் வந்துச்சு? அது அம்புட்டு நேரம் கத்துச்சுல்ல? கத்தக் கத்த எடுத்தேல்ல?"

"அது சந்தனத்துக்குக் கத்துச்சு மொதலாளி!"

"ஒரு கீறல்னு சொன்னேன். மூணு போட்டுக் கொண்டாந்துருக்க" என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்தேன். வலது கை, மோதிர விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம். ஜோசியர் சொல்லிப் போட்டது. கல்லின் நான்கு பக்கமும் நகம் மாதிரி கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கல் சுற்றிப்போய் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது. கீறல் எப்படி விழுந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை அப்படியே சொன்னால் அதுவும் கேலி என்று ஆகிவிடும். அதனால் ரொம்பப் பணிவாகக் கேட்டேன்.

"மொதலாளி, கோயில்ல பின்னாடி நின்னு தட்டுனீங்கள்ல, எப்பிடித் தட்டுனீங்க? ஒருக்கா தட்டிக் காட்டுங்க."

"எப்பிடித் தட்டுவாக? இப்பிடித்தான்" என்று கையை ஓங்கினார்.

அந்தக் கை இறங்குவதற்குள் அம்மா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போதும். நாலாவது கீறலையும் போட்ராதீக."

முதலாளி தன் கையைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். தெருவில் பார்க்க எதுவும் இல்லை, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகனின் வீடியோ கால் வந்தது. "பூசை முடிஞ்சுதாப்பா? வண்டியைக் காட்டுங்க."

முதலாளி போனை வைத்துக்கொண்டு முன்பக்கத்தைக் காட்டினார். ரொம்ப மெதுவாகக் காட்டினார். சக்கரத்தையெல்லாம் தனித்தனியாகக் காட்டினார். அதற்குள் அம்மா காருக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்து, மீதமிருந்த சந்தனத்தை வழித்து, மூன்று கீறலும் மறைகிற மாதிரி ஒரு தோசை அளவுக்கு அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்துவிட்டார்.

"அம்மா, பின்னாடி என்ன இம்புட்டுப் பெரிய பொட்டு?"

"குலசாமி பொட்டுய்யா. அழிக்கக் கூடாது."

"சென்சார் எல்லாம் நல்லா வேலை செய்யுதாப்பா?"

"பிரமாதம்" என்றார் முதலாளி, என்னைப் பார்க்காமல். "காலைல இருந்து ஓயவே இல்ல."

அவர் போனை வைத்தார். நான் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காலைல எட்டு மணிக்குக் கடைக்குப் போகணும். வந்துரு" என்றார்.

"சாவி மொதலாளி?"

"ஒங்கிட்டதானடா இருக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

கிடைத்துவிட்டது. குதித்திருக்க வேண்டும். ஆனால் என் கண் அந்த எட்டுப் பொட்டின் மேலேயே இருந்தது. "அம்மா, மெயின் பொட்டு பின்னாடி இருக்குல்ல? அந்தச் சின்னதை எல்லாம் ஒரு ஈரத்துணி வச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"மழை பெஞ்சா தானா போகும்" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. "போகலைன்னா வர்ற வெள்ளிக்கெழமை அதுக்கு மேலயே புதுசா வச்சுக்கிறேன்."

மறுநாள் காலையில் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சீட் நான் வைத்த இடத்தில் இருந்தது. கண்ணாடி நான் திருப்பிய பக்கம் இருந்தது. முதலாளி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பின்னால் ஏறினார். வாசலிலிருந்து எடுக்க ரிவர்ஸ் கியர் போட்டேன்.

'கீ————'

"நிறுத்துடா, கத்துது!"

"பொட்டு மொதலாளி."

"தெரியும்டா. இருந்தாலும் நிறுத்து."